சிஸ்டம் ரிஜிஸ்டரின் ஐந்து எண்கள்: ஆர்ம்64 லினக்ஸ் கெர்னலில் குறியாக்கம் எழுதப்படும் முறை

மொரீஷியஸின் எபென் சைபர்சிட்டி அலுவலகங்களில் வேலை பார்க்கும் நம் இளைஞர்களும் ரெட்யுய் வளாகத்தில் கணினியியல் படிக்கும் மாணவர்களும் லினக்ஸை நாள் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதன் மையப் பகுதியான கெர்னலின் அடித்தளக் கோப்புகளைத் திறந்து பார்ப்பவர்கள் மிகச் சிலர். திறந்து பார்த்தவர்களும் ஆர்ம்64 (64 பிட் ஆர்ம் செயலிகளுக்கான) பகுதியில், செயலியின் கட்டுப்பாட்டு இடங்களான சிஸ்டம் ரிஜிஸ்டர்களைப் பட்டியலிடும் சிஸ்ரெக் தலைப்புக் கோப்பைக் கண்டதும், வரிக்கு ஐந்து எண்களாக நீளும் அந்தப் பட்டியலில் தலையும் வாலும் புரியாமல் மூடிவிடுகிறார்கள். அந்த ஐந்து எண்கள் எங்கிருந்து வருகின்றன, கெர்னல் அவற்றை எப்படி ஒரே எண்ணாகக் கட்டுகிறது, அந்த எண் எப்படிக் கட்டளையாகிறது, புதிய ரிஜிஸ்டர் ஒன்றைச் சேர்க்க என்ன செய்ய வேண்டும் என்பவற்றை இந்த வழிகாட்டி வரிசையாகச் சொல்கிறது.

சி மொழியில் பிட் நகர்த்தலும் மாஸ்க்கும் தெரிந்திருந்தால் போதும். சோதித்துப் பார்க்க ராஸ்பெர்ரி பை 4 போன்ற பலகை இருந்தால் நல்லது. இல்லையென்றால் கணினியைப் போலியாக இயக்கிக் காட்டும் க்யூஎமு மென்பொருளின் விர்ட் இயந்திரத்தில் கார்டெக்ஸ்-ஏ72 செயலியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இந்தத் தீவுக்குப் பலகை வந்து சேரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ரிஜிஸ்டர், மேக்ரோ பெயர்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். தட்டும்போது அவற்றின் ரோமன் வடிவத்தைத் தட்டுங்கள். எண்களைப் பதினாறடிமானத்தில் எழுதாமல் இரும எண்களாகவே எழுதியிருப்பதற்கு வேறு காரணம் உண்டு: புலங்களின் எல்லை இரும வடிவத்தில்தான் கண்ணுக்குத் தெரியும்.

முதல் படி: ஐந்து எண்களைக் கண்டுபிடித்தல்

ஆர்ம் நிறுவனத்தின் கட்டமைப்புக் கையேட்டில் ஒவ்வொரு சிஸ்டம் ரிஜிஸ்டருக்கும் தனிப் பக்கம் உண்டு. பக்கத்தின் கடைசிப் பகுதியில் அதை அணுகும் முறை கொடுக்கப்பட்டிருக்கும். அங்கே ஆப்0, ஆப்1, சிஆர்என், சிஆர்எம், ஆப்2 என்ற ஐந்து புலங்களும் அவற்றின் மதிப்புகளும் இருக்கும். அகலம் முறையே 2, 3, 4, 4, 3 பிட்டுகள். ஆகமொத்தம் 16 பிட்டுகள். எஸ்சிடிஎல்ஆர்_இஎல்1 என்பது மனிதர்களுக்கான பெயர். செயலிக்குத் தெரிந்ததெல்லாம் 3, 0, 1, 0, 0 என்ற வரிசை மட்டுமே.

இந்த எண்கள் கண்மூடித்தனமாகக் கொடுக்கப்பட்டவை அல்ல. ஆப்0 மதிப்பு 3 என்றால் வழக்கமான சிஸ்டம் ரிஜிஸ்டர், 2 என்றால் டீபக், டிரேஸ் தொடர்பானவை. மதிப்பு 1 ஆக இருந்தால் அது ரிஜிஸ்டரே அல்ல; கேச், டிஎல்பி (முகவரி மாற்றங்களைச் சேமிக்கும் கேச்) ஆகியவற்றைப் பராமரிக்கும் கட்டளைகளின் இடம் அது. ஆப்1 பெரும்பாலும் எக்செப்ஷன் லெவலை, அதாவது நிரல் ஓடும் அதிகார நிலையைச் சுட்டும் (இஎல்0 சாதாரண நிரல்களுக்கு; எண் கூடக்கூட அதிகாரம் கூடும்): 0 என்றால் இஎல்1, 3 என்றால் இஎல்0, 4 என்றால் இஎல்2, 6 என்றால் இஎல்3. எஸ்சிடிஎல்ஆர் என்ற ஒரே வகை ரிஜிஸ்டர் இஎல்1இல் 3, 0, 1, 0, 0 ஆகவும், இஎல்2இல் 3, 4, 1, 0, 0 ஆகவும், இஎல்3இல் 3, 6, 1, 0, 0 ஆகவும் இருப்பதைப் பார்த்தால் இந்த ஒழுங்கு விளங்கும். ஆப்1 மதிப்பு 5 கொஞ்சம் வேறுபட்டது. இஎல்2இல் ஓடும் ஹோஸ்ட் கெர்னல், தன்மேல் ஓடும் மெய்நிகர் இயந்திரமான விருந்தினரின் இஎல்1 ரிஜிஸ்டரைத் தொடுவதற்கான மாற்றுப் பெயர்கள் அங்கே இருக்கின்றன. எஸ்சிடிஎல்ஆர்_இஎல்12 அந்த வகையைச் சேர்ந்தது.

சிஆர்என் ரிஜிஸ்டர்களைக் குழுவாகப் பிரிக்கிறது. 0 அடையாள ரிஜிஸ்டர்கள், 1 பொதுக் கட்டுப்பாடு, 2 பக்க அட்டவணை, 9 செயல்திறன் கணக்கிகள், 13 த்ரெட் அடையாளம், 14 டைமர்கள். 11, 15 இரண்டும் செயலியைத் தயாரிப்பவரின் சொந்த உபயோகத்துக்கு விடப்பட்டவை. பழைய 32 பிட் ஆர்மில் சிபி15 என்ற துணைச்செயலி வழியாக இவற்றை அணுகிய காலத்தின் மிச்சம் இது. ராஸ்பெர்ரி பை 4 துவங்கும்போது கெர்னல் பதிவில் டைமர் 54 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதாக ஒரு வரி வரும். 64 பிட் கெர்னலிலும் அந்த வரி இன்னும் சிபி15 டைமர் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் படி: கட்டளைக்குள் அவற்றின் இடம்

ரிஜிஸ்டரைப் படிக்கும் கட்டளை எம்ஆர்எஸ். எழுதும் கட்டளை எம்எஸ்ஆர். இரண்டும் 32 பிட் நீளமானவை. பிட் 31 முதல் 22 வரை இரண்டுக்கும் பொதுவான 1101010100. பிட் 21 திசையைக் காட்டுகிறது: படிக்க 1, எழுத 0. பிட் 20, 19 ஆப்0. 18 முதல் 16 வரை ஆப்1. 15 முதல் 12 வரை சிஆர்என். 11 முதல் 8 வரை சிஆர்எம். 7 முதல் 5 வரை ஆப்2. மீதியுள்ள ஐந்து பிட்டுகள் எந்தப் பொது ரிஜிஸ்டருக்கு மதிப்பு போகிறது, அல்லது எதிலிருந்து வருகிறது என்பதற்கானவை.

மெய்நிகர் டைமர் கணக்கியான சிஎன்டிவிசிடி_இஎல்0ஐ எடுத்துக்கொள்வோம். அதன் எண்கள் 3, 3, 14, 0, 2. இதை எக்ஸ்0 என்ற பொது ரிஜிஸ்டரில் படிக்கும் கட்டளை, புலங்களுக்கு இடையே இடைவெளி விட்டு எழுதினால், இப்படி இருக்கும்:

1101010100 1 11 011 1110 0000 010 00000

இதே மதிப்பை எக்ஸ்5இல் பெற விரும்பினால் கடைசி ஐந்து பிட்டுகள் மட்டும் 00101 ஆகும்.

கெர்னலின் சிஸ்_ரெக் மேக்ரோ ஐந்து எண்களை வாங்கி, ஆப்0ஐ 19 இடமும், ஆப்1ஐ 16 இடமும், சிஆர்என்னை 12 இடமும், சிஆர்எம்மை 8 இடமும், ஆப்2ஐ 5 இடமும் இடப்பக்கம் நகர்த்தி ஒன்று சேர்க்கிறது. மேலே உள்ள எடுத்துக்காட்டுக்குக் கணக்கு இதோ: 3ஐ 524288ஆல் பெருக்க 1572864, 3ஐ 65536ஆல் பெருக்க 196608, 14ஐ 4096ஆல் பெருக்க 57344, 2ஐ 32ஆல் பெருக்க 64. கூட்டினால் 1826880. இதுவே கெர்னலுக்குள் எஸ்ஒய்எஸ்_சிஎன்டிவிசிடி_இஎல்0 என்ற பெயர் தாங்கி நிற்கும் எண்.

16 பிட்டில் அடங்கும் செய்தியை ஏன் ஐந்து இடம் தள்ளி வைக்க வேண்டும் என்று தோன்றும். நகர்த்தும் அளவுகள் மேலே சொன்ன பிட் இடங்களேதான். எண் ஏற்கனவே கட்டளையில் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதால், அடிப்படைக் கட்டளை எண்ணோடும் பொது ரிஜிஸ்டரின் எண்ணோடும் பிட்டுகளை ஒன்றுசேர்க்கும் ஆர் செயல் மட்டும் செய்தாலே முழுக் கட்டளை கிடைத்துவிடுகிறது. எதிர்த்திசையிலும் இது உதவுகிறது. யூசர் ஸ்பேஸ் நிரல் (கெர்னலுக்கு வெளியே ஓடும் சாதாரண நிரல்) ஒன்று எம்ஐடிஆர்_இஎல்1 போன்ற அடையாள ரிஜிஸ்டரைப் படிக்க முயன்றால், 4.11 பதிப்பிலிருந்து கெர்னல் அதைத் தன்னிடம் வாங்கிப் பதில் தருகிறது. அந்த நேரத்தில் தவறிய கட்டளையிலிருந்து 16 பிட்டுகளை எடுத்து ஐந்து இடம் நகர்த்தினால், நேராக சிஸ்_ரெக் எண்ணாகவே ஒப்பிட முடிகிறது. இதைவிடச் சிக்கனமான வடிவத்தை நான் பார்த்ததில்லை.

மூன்றாம் படி: எண்ணைக் கட்டளையாக்குதல்

கட்டளைப் பெயர்களை எண்ணாக்கும் அசெம்ப்ளருக்கு ரிஜிஸ்டரின் பெயர் தெரிந்திருந்தால் இந்த வேலையே வேண்டாம். ரீட்_சிஸ்ரெக் என்ற மேக்ரோ பெயரை அப்படியே எம்ஆர்எஸ் கட்டளைக்குள் சரமாகச் செருகிவிடும். சிக்கல் என்னவென்றால், ஆர்ம் கட்டமைப்பு ஆண்டுதோறும் புதிய ரிஜிஸ்டர்களைச் சேர்க்கிறது. கெர்னலோ அசெம்ப்ளர் அடங்கிய பழைய பினுடில்ஸ் தொகுப்போடும் கம்பைல் ஆக வேண்டும். 2014இல் ஜிஐசிவி3 இன்டரப்ட் கட்டுப்படுத்திக்கான ஆதரவு வந்தபோது இந்த இடர்ப்பாடு நேராக எதிர்ப்பட்டது. பெயர் இல்லாவிட்டாலும் எஸ்3_0_சி12_சி12_5 என்பதுபோலப் பொதுப்பெயரால் எழுதலாம். ஆனால் அந்தப் பொதுப்பெயரையும் புரிந்துகொள்ளாத அசெம்ப்ளர்கள் அப்போது புழக்கத்தில் இருந்தன. எனவே எம்ஆர்எஸ்_எஸ், எம்எஸ்ஆர்_எஸ் என்ற இரண்டு மேக்ரோக்கள் எழுதப்பட்டன. அவை அசெம்ப்ளரிடம் பெயர் எதையும் கேட்பதில்லை. முடிந்த கட்டளையின் எண்ணையே கொடுத்து, அதை அப்படியே பதித்துவிடச் சொல்கின்றன.

படிப்பதற்கான அடிப்படை எண் 1101 0101 0010 0000, அதன்பின் 16 சுழியங்கள். எழுதுவதற்கு அதே எண்ணில் பிட் 21 மட்டும் 0. இதனோடு 1826880ஐச் சேர்ப்பது எளிது. கடைசி ஐந்து பிட்டுகளில்தான் கெர்னலின் சாமர்த்தியம் இருக்கிறது. இன்லைன் அசெம்ப்ளியில் எந்தப் பொது ரிஜிஸ்டரைப் பயன்படுத்துவது என்பதைக் கம்பைலர் முடிவு செய்து, எக்ஸ்5 என்ற எழுத்துகளாக வெளியிடுகிறது. நமக்கு வேண்டியதோ 5 என்ற எண். ஆகவே ஒரு குறிப்பிட்ட முன்னொட்டோடு எக்ஸ்0 முதல் எக்ஸ்30 வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு அசெம்ப்ளர் குறியீடு முன்கூட்டியே வரையறுக்கப்படுகிறது. அதன் மதிப்பு அந்த ரிஜிஸ்டரின் எண். எக்ஸ்இசட்ஆர் என்பதற்கு 31. மேக்ரோ முன்னொட்டையும் கம்பைலர் தந்த எழுத்துகளையும் ஒட்டிவைத்தால், அசெம்ப்ளர் அதை எண்ணாகப் படித்துக்கொள்கிறது.

எண்ணைப் பதிக்க, தரவுக்கான லாங் கட்டளையைப் பயன்படுத்தாமல் இன்ஸ்ட் என்ற கட்டளையைப் பயன்படுத்துவதைக் கவனியுங்கள். ஏ64 கட்டளைகள் எப்போதும் லிட்டில் எண்டியன் (சிறிய மதிப்புள்ள பைட் முதலில் வரும்) வரிசையிலேயே நினைவகத்தில் இருக்க வேண்டும். தரவு பிக் எண்டியனாக ஓடும் கெர்னலில் லாங் என்று எழுதினால் பைட்டுகள் தலைகீழாகிவிடும்.

கூட்டல் முழுவதும் அசெம்ப்ளரிடம் நடப்பதால் ஒரு கட்டுப்பாடு பிறக்கிறது: எம்ஆர்எஸ்_எஸ் வழியாகப் படிக்கும் ரீட்_சிஸ்ரெக்_எஸ் மேக்ரோவுக்குக் கொடுக்கும் எண், கம்பைல் செய்யும்போதே மாறிலியாகத் தெரிந்திருக்க வேண்டும். ஓடும்போது ஒரு மாறியில் குறியாக்கத்தை வைத்துக்கொண்டு, அதற்குரிய ரிஜிஸ்டரைப் படி என்று கேட்க வழியில்லை, ஏனெனில் ரிஜிஸ்டர் எண் கட்டளையின் உடலிலேயே பதிந்திருக்கிறது. செயலியின் திறன்களைச் சரிபார்க்கும் கோப்பில் ஒவ்வொரு அடையாள ரிஜிஸ்டருக்கும் ஒரு கேஸ் வீதம் நீளும் ஸ்விட்ச் இருப்பது இதனால்தான். அதை வளையமாகச் சுருக்கிவிடலாம் என்று புதியவர்கள் நினைப்பது இயல்பு, சுருக்க முடியாது.

நான்காம் படி: அட்டவணையில் சேர்த்தல்

முன்பெல்லாம் ஒவ்வொரு ரிஜிஸ்டரையும் அதன் புலங்களையும் கையாலேயே தலைப்புக் கோப்பில் எழுதினார்கள். நகர்த்தும் அளவு ஓர் இடத்திலும் மாஸ்க் இன்னோர் இடத்திலும் இருக்க, இரண்டும் பொருந்தாமல் போக வாய்ப்பு இருந்தது. 2022இல் வந்த 5.19 பதிப்பிலிருந்து, ஆர்ம்64 அடைவின் டூல்ஸ் பகுதியில் சிஸ்ரெக் என்ற உரைக் கோப்பும், அதைப் படித்து மேக்ரோக்களை உருவாக்கும், ஆக் என்ற உரைக் கையாளும் மொழியில் எழுதப்பட்ட நிரலும் இருக்கின்றன. புதிதாகச் சேர்ப்பவர்கள் தலைப்புக் கோப்பைத் தொடாமல் இங்கேதான் எழுத வேண்டும். கான்டெக்ஸ்ட்ஐடிஆர் ரிஜிஸ்டரின் பகுதி, தமிழ் எழுத்தில், இப்படி இருக்கும்:

சிஸ்ரெக்ஃபீல்ட்ஸ் கான்டெக்ஸ்ட்ஐடிஆர்_இஎல்எக்ஸ்
ரெஸ்0 63:32
ஃபீல்ட் 31:0 ப்ராக்ஐடி
எண்ட்சிஸ்ரெக்ஃபீல்ட்ஸ்

சிஸ்ரெக் கான்டெக்ஸ்ட்ஐடிஆர்_இஎல்1 3 0 13 0 1
ஃபீல்ட்ஸ் கான்டெக்ஸ்ட்ஐடிஆர்_இஎல்எக்ஸ்
எண்ட்சிஸ்ரெக்

இஎல்1, இஎல்12, இஎல்2 மூன்றுக்கும் உள்ளமைப்பு ஒன்றே என்பதால் புலங்கள் ஒருமுறை மட்டும் எழுதப்பட்டு, மூன்று இடங்களிலிருந்தும் சுட்டப்படுகின்றன. மற்ற இரண்டின் ஐந்து எண்களில் மாறுவது ஆப்1 மட்டுமே: 5, 4.

புலங்களை 63ஆம் பிட்டிலிருந்து இறங்குவரிசையில் எழுத வேண்டும், ஒரு பிட்கூட விடுபடக்கூடாது. பயனற்ற பிட்டுகளையும் ரெஸ்0 அல்லது ரெஸ்1 என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இடைவெளி விட்டாலோ இரண்டு புலங்கள் மேற்பொருந்தினாலோ ஆக் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். இந்தக் கண்டிப்பு முதலில் எரிச்சலூட்டும். ஆனால் தவறான மாஸ்க்கோடு கெர்னல் துவங்கி, காரணம் தெரியாமல் உறைந்துபோவதைவிடக் கம்பைல் நேரத்தில் திட்டு வாங்குவது மேல்.

மதிப்புகளுக்குப் பெயர் இருந்தால் ஃபீல்டுக்குப் பதிலாக ஈனம் (பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்) வகைகளைப் பயன்படுத்தலாம். அடையாள ரிஜிஸ்டர்களில் ஒவ்வொரு திறனும் நான்கு பிட் புலமாக இருக்கும். பெரும்பாலானவை குறியற்றவை, அதாவது மதிப்பு கூடக்கூடத் திறனும் கூடும். சில மட்டும் குறியுள்ளவை. ஐடி_ஏஏ64பிஎஃப்ஆர்0_இஎல்1இன் 19 முதல் 16 வரையுள்ள எஃப்பி புலத்தில் 0000 என்றால் மிதவைப்புள்ளி வசதி உண்டு. 1111 என்றால் இல்லை. அதைக் குறியற்ற எண்ணாகப் படித்தால் 15 வந்து, இல்லாத வசதி மிக உயர்ந்த தரத்தில் இருப்பதாகத் தோன்றும். அட்டவணையில் சைன்ட்ஈனம், அன்சைன்ட்ஈனம் என்று பிரித்து எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

ஐந்தாம் படி: எந்த அடுக்கில் இருக்கும் எண் என்று கேட்டல்

என் பார்வையில் இந்தப் படியே மிக முக்கியமானது. அதே ஐந்து எண்களைக் கெர்னல் வேறு இரண்டு அடுக்குகளிலும் சந்திக்கிறது. 1998இல் நம் நாட்டின் புதிய ரூபாய் நோட்டுகளில் எழுத்துகள் அதேபோல் இருந்தும் தமிழின் வரிசை இடம் மாறியதற்காக எழுந்த எதிர்ப்பில் அவை திரும்பப் பெறப்பட்டதை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். இங்கேயும் உள்ளடக்கம் அதே. வரிசை மாறினால் எண் செல்லாது.

முதல் வேற்று அடுக்கு, ட்ராப் ஆகும்போது, அதாவது ஒரு கட்டளை தடுக்கப்பட்டு மேல்நிலையிடம் போகும்போது, அதன் காரணத்தைச் சொல்லும் இஎஸ்ஆர் ரிஜிஸ்டரில் செயலி தரும் விவரம். விதிவிலக்கின் வகை எண் 24 என்றால் அது சிஸ்டம் ரிஜிஸ்டர் அணுகல். ஆனால் வரிசை கட்டளையில் உள்ளதுபோல் இல்லை. பிட் 21, 20இல் ஆப்0. அதன்பின் 19 முதல் 17 வரை ஆப்2. 16 முதல் 14 வரை ஆப்1. 13 முதல் 10 வரை சிஆர்என். 9 முதல் 5 வரை பொது ரிஜிஸ்டர். 4 முதல் 1 வரை சிஆர்எம். பிட் 0இல் திசை. சில செயலிகளின் டைமர் குறைபாட்டைச் சமாளிக்க, யூசர் ஸ்பேஸ் சிஎன்டிவிசிடியைப் படிப்பதையே கெர்னல் ட்ராப் செய்ய வேண்டியிருக்கிறது. அப்போது எக்ஸ்0க்கான அணுகல் இப்படி வந்து சேரும்:

11 010 011 1110 00000 0000 1

பதின்மத்தில் 3471361. இதை நேராக 1826880உடன் ஒப்பிட்டால் ஒருபோதும் பொருந்தாது. ஒவ்வொரு புலத்தையும் தனித்தனியே பிரித்து சிஸ்_ரெக் வழியாக மறுபடி கட்டுவதற்கு இஎஸ்ஆர்_சிஸ்64_டு_சிஸ்ரெக் என்ற மேக்ரோ இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, கெர்னலில் மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் கேவிஎம் யூசர் ஸ்பேஸுக்குக் காட்டும் ரிஜிஸ்டர் அடையாளம். இங்கே வரிசை கட்டளையில் உள்ளதேதான். ஐந்து இடம் தள்ளப்படாமல் 14, 11, 7, 3, 0 என்ற அளவுகளில் 16 பிட்டாக அமர்ந்திருக்கும். மேல் பிட்டுகளில் கட்டமைப்பும் அளவும் இருக்கும். சிஎன்டிவிசிடிக்கு இந்தப் பகுதி 57090. 32ஆல் பெருக்கினால் 1826880 கிடைக்கும்.

இந்த இரண்டாவது அடுக்கில் ஒரு பழைய பிழை கல்வெட்டாக நின்றுவிட்டது. மெய்நிகர் டைமரின் கணக்கிக்கு 3, 3, 14, 0, 2 என்றும், அதன் ஒப்பீட்டு மதிப்பான சிஎன்டிவி_சிவிஏஎல்லுக்கு 3, 3, 14, 3, 2 என்றும் இருக்க வேண்டும். கேவிஎம் இடைமுகத்தில் இவ்விரண்டும் இடம் மாறி வரையறுக்கப்பட்டுவிட்டன. யூசர் ஸ்பேஸ் நிரல்கள் அதை நம்பி எழுதப்பட்டுவிட்டதால் இனித் திருத்த முடியாது. கெர்னல் ஆவணமே அதை எச்சரிக்கையாகக் குறித்துவைத்திருக்கிறது. கேவிஎம் பக்கம் டைமர் மதிப்பு புரியாமல் போனால், உங்கள் கணக்கைச் சந்தேகிப்பதற்கு முன் அந்த எச்சரிக்கையைப் படியுங்கள்.

ஆறாம் படி: படித்தல், எழுதுதல், சரிபார்த்தல்

மதிப்பைப் பெற்றபின் புலங்களைக் கையால் நகர்த்தாமல் சிஸ்_ஃபீல்ட்_கெட், சிஸ்_ஃபீல்ட்_ப்ரெப் மேக்ரோக்களைப் பயன்படுத்துங்கள். அட்டவணையிலிருந்து உருவான மாஸ்க்கை அவை தாமே எடுத்துக்கொள்ளும். ஒரு ரிஜிஸ்டரில் சில பிட்டுகளை மட்டும் மாற்ற சிஸ்ரெக்_கிளியர்_செட் இருக்கிறது. பழைய மதிப்பும் புதிய மதிப்பும் ஒன்றாக இருந்தால் அது எழுதவே எழுதாது. எழுதிய மாற்றம் அடுத்து வரும் கட்டளைகளுக்கு உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பின்னால் ஐஎஸ்பி என்ற தடுப்புக் கட்டளை வேண்டும், அதை மேக்ரோ உங்களுக்காகப் போட்டுத் தராது.

செயலியில் இல்லாத ரிஜிஸ்டரைத் தொட்டால் வரையறுக்கப்படாத கட்டளை என்ற விதிவிலக்கு எழும். கெர்னலுக்குள் அது நிகழ்ந்தால் இயந்திரம் நின்றுவிடும். பெயரைக் கேட்காத எம்ஆர்எஸ்_எஸ் எந்த எண்ணையும் மறுக்காமல் பதித்துவிடுவதால், இந்த ஆபத்து இங்கே கூடுதல். முதலில் உரிய அடையாள ரிஜிஸ்டரின் புலத்தைச் சரிபார்த்து, அந்தத் திறன் உண்டென்று தெரிந்தபின்பே அணுக வேண்டும்.

உங்கள் புரிதலைச் சோதிக்க, கெர்னலை மாற்றாமலே ஒரு பயிற்சி செய்யலாம். சிறிய சி நிரலில் எஸ்3_3_சி14_சி0_0 என்ற பொதுப்பெயரால் ஒரு ரிஜிஸ்டரைப் படித்து, கம்பைல் செய்த கோப்பை, அதன் கட்டளைகளைப் பட்டியலிட்டுக் காட்டும் ஆப்ஜ்டம்ப் கருவியில் பிரித்துப் பாருங்கள். ஆப்ஜ்டம்ப் அதைச் சிஎன்டிஎஃப்ஆர்க்யூ_இஎல்0 என்று பெயரிட்டுக் காட்டும். கட்டளை எண்ணில், எக்ஸ்0ஐப் பயன்படுத்தியிருந்தால், கடைசி எட்டுப் பிட்டுகள் முழுவதும் சுழியமாக இருக்கும். ராஸ்பெர்ரி பை 4இல் நிரல் 54000000 என்று அச்சிட வேண்டும்.

அதன்பின், கெர்னல் தன் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் சிபியு0வின் ரெக்ஸ் அடைவுக்குள், ஐடென்டிஃபிகேஷன் பகுதியில் உள்ள எம்ஐடிஆர்_இஎல்1 கோப்பைத் திறந்து, அந்த மதிப்பை நீங்களே பிரித்துப் பாருங்கள். பை 4இல் அதன் கீழ் 32 பிட்டுகள் இவை:

0100 0001 0000 1111 1101 0000 1000 0011

முதல் எட்டுப் பிட்டுகள் 65, அதாவது ஆஸ்கி அட்டவணையில் ஆங்கில ஏ. ஆர்ம் நிறுவனத்தின் அடையாளம் அது. அடுத்த நான்கு வேரியன்ட் எண், மதிப்பு 0. அடுத்த 1111, கட்டமைப்பின் விவரத்தைத் தனி அடையாள ரிஜிஸ்டர்களில் தேடச் சொல்கிறது. அதன்பின் வரும் பன்னிரண்டு பிட்டுகள் 3336, கார்டெக்ஸ்-ஏ72இன் பகுதி எண்; கடைசி நான்கு திருத்த எண், இங்கே 3. இதே மதிப்பை யூசர் ஸ்பேஸிலிருந்து 3, 0, 0, 0, 0 என்ற குறியாக்கத்தால் எம்ஆர்எஸ் செய்து பெறவும் முடியும். ஆனால் கெர்னல் தரும் பதில் அப்போது எந்த சிபியுவில் நிரல் ஓடிக்கொண்டிருக்கிறதோ அதனுடையது. பெரிய, சிறிய கோர்கள் கலந்த செயலிகளில் ஒவ்வொரு கோருக்கும் எம்ஐடிஆர் வேறு. நிரலைக் குறிப்பிட்ட கோரில் கட்டிவைத்த பின்பே அந்த எண்ணை சிஸ்எஃப்எஸ் கோப்போடு ஒப்பிடுங்கள்.